லாமு தீவில் தப்பும் நேரக் கணக்குகள்

கென்யாவின் வடகரையை ஒட்டிய லாமு தீவில் உள்ள பழைய நகரம் 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பவளக்கல் வீடுகளும் கழுதைகள் போய்வரும் சந்துகளுமாக இருக்கும் சின்ன ஊர். அங்கே போகிறவர்கள் வழி தவறுவதைவிட நேரம் தவறுவதுதான் அதிகம்.

அங்கே பேசும் ஸ்வாஹிலி மொழியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்கும். நம் காலை 7 மணிதான் அவர்களுக்கு 1 மணி. படகுக்காரர் ‘ஸா தாத்து’ என்றால் சொல்லுக்குச் சொல் 3 மணி. வரவேண்டியதோ காலை 9-க்கு. 6-ஐக் கூட்டிக்கொண்டால் போதும். ஆனால் அவரே ஆங்கிலத்தில் பேசினால் பெரும்பாலும் நம் கணக்கில் சொல்லிவிடுவார். பேச்சை நம்பாமல் கைக்கடிகாரத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கடல். எதிரேயுள்ள மாண்டா தீவில் தக்வா என்ற பழைய ஊரின் இடிபாடுகள் இருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் மக்கள் கைவிட்ட ஊர். அலையாத்திக் காட்டுக்குள் போகும் ஓடை வழியாகத்தான் படகு அங்கே போகும், அதுவும் நீரேற்றத்தில் மட்டும். இடிபாடுகளில் மெய்மறந்து நின்றால் நீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால் நேற்று போனவர் சொன்ன நேரம் இன்று உதவாது. கிளம்பும் நேரத்தோடு திரும்பும் நேரத்தையும் பேசி முடியுங்கள். நகரத்திலிருந்து 3 கிலோமீட்டரில் உள்ள ஷேலா என்ற ஊருக்குக் கரையோரமாக நடப்பதானாலும் வற்றத்தில் நடங்கள். ஏற்றத்தில் பாதையின் ஒரு பகுதி நீருக்குள் போய்விடும்.

நைரோபியில் இறங்கியதும் அங்கேயே விமானம் மாறலாம் என்று நினைக்காதீர்கள். பன்னாட்டு விமானங்கள் ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் இறங்கும். லாமு விமானங்கள் பல வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்பும். நடுவில் நைரோபியின் போக்குவரத்து நெரிசல். சிறிய விமானங்களில் 15 கிலோதான் அனுமதி என்பதும் உண்டு. பெட்டியைவிடத் துணிப்பை நல்லது. விமானம் இறங்குவதும் மாண்டாவில்தான். அங்கிருந்து நகரத்துக்குப் படகு.

2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழி முன் அனுமதி வந்திருக்கிறது. அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழோ ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.