மாரி தொடங்க முதல் கட்டிவைக்க வேண்டிய இரண்டு பொதிகள்

கனடா, லண்டன் பக்கமிருந்து வந்து மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடியேறுகிறவர்கள், அங்கே பழகின அவசரப் பெட்டியைத்தான் இங்கும் கட்டிவைக்கிறார்கள். அது பாதிதான் சரிவரும். இங்கே வெள்ளம் நாட்கணக்கில் நிற்கும். சுனாமியாகக் கடல் வந்தால் நிமிடக் கணக்கு. வெள்ளத்துக்கு உயரத்தில் வைத்த சேமிப்பு வேண்டும், கடலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பை வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் அதைத் தூக்க இரண்டு பேர் தேவை. ஓடுகிற நேரத்தில் அது வீட்டிலேயே கிடக்கும்.

முதலில் பை. பெரியவர் ஒருவருக்கு ஒரு புத்தகப் பை, 5 கிலோவுக்கு மேல் வேண்டாம், வாசலடி ஆணியில் தொங்கட்டும். ஒரு லீற்றர் தண்ணீர், பிஸ்கட், ஒரு வாரத்து கிளினிக் மருந்து, ரோச், விசில், மாற்றுடுப்பு, 100, 500 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சக் காசு. கரண்ட் நின்றால் காசு எடுக்கும் இயந்திரமும் நிற்கும், 5,000 ரூபாய்த் தாளுக்குக் கடைக்காரரிடம் மிச்சம் இருக்காது. ரோச்சுக்குள் பற்றரியைப் போட்டு வைக்காதீர்கள். இந்த உப்புக்காற்றில் அது கசிந்து, தகடு பச்சை பிடித்துவிடும். பக்கத்தில் தனியாகச் சுற்றி வையுங்கள்.

அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் கிளினிக் கொப்பி எல்லாம் இரட்டைப் பொலித்தீனுக்குள். வைக்க முதல் பரிசோதியுங்கள்: வெறும் பைக்குள் ஒரு ரிசு கடதாசியைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் 10 நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். கடதாசி ஈரமென்றால் அந்தப் பை உதவாது. எல்லாவற்றையும் படமெடுத்து வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை இங்கே அடித்தது. அவ்வளவு தொலைவில் நடந்த அதிர்வு இங்கே பலருக்குத் தெரியவே இல்லை. அதனால் நிலம் ஆடட்டும், கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்வாங்காமலே அலை ஏறலாம். எச்சரிக்கை கேட்டவுடன் வெளிக்கிடுங்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் முன்னால் கடல், பின்னால் வாவி. பாலம் வாகனத்தால் அடைபட்டால் எந்த உறுதியான மாடிக்கட்டடத்தில் ஏறுவது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே ஒருதரம் நடந்து, நேரத்தைக் குறியுங்கள். ஒரு அலை போனதும் திரும்பி வராதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

வெள்ளச் சேமிப்பை எங்கே வைப்பது? அயலவரிடம் கேளுங்கள்: “2011 ஜனவரியில இந்த வளவில தண்ணி எதுமட்டும் ஏறினது?” சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அதற்கு மேல் இரண்டு முழம் உயரத்தில் தட்டு அடியுங்கள்.

சுற்றிவரத் தண்ணீர் நிற்கும், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலந்துவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று 5 பேருக்கு 3 நாளைக்கு 60 லீற்றர், அதாவது 20 லீற்றர் கான் மூன்று. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் ஒரு கிழமைக்குக் கணக்குப் போடுங்கள். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். கான் முடிந்தால், துணியில் வடித்த தெளிந்த தண்ணீருக்கு லீற்றருக்கு 2 துளி, கலங்கலுக்கு 4 துளி, வாசனை சேர்க்காத 5 வீத குளோரின் திரவம் விட்டு 30 நிமிடம் வையுங்கள். போத்தலில் வாங்கின திகதியை எழுதுங்கள். வெக்கையில் அதன் வீரியம் குறையும், வருடாவருடம் புதிதாக வாங்குங்கள்.

சாப்பாட்டில் எல்லாரும் விடும் பிழை, அரிசி மூட்டையை நம்பியிருப்பது. விறகு நனைந்திருக்கும், அடுப்பு தண்ணீருக்குள் இருக்கும். சமைக்காமல் சாப்பிடுவதை வையுங்கள்: அவல், பொரிமா, சீனி, பால்மா, ஈச்சம்பழம், ரின்மீன். ரின்வெட்டியை மறக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் அவல் போதும். எலி கடிக்காத மூடி வாளிக்குள் போடுங்கள்.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி 10 பைக்கற்றும் முழங்கால் மட்டும் வரும் சப்பாத்தும் அவசியம். எலிக்காய்ச்சல் கிருமி வெள்ளத்தண்ணீரில் இருந்து காயத்தின் வழியாக உடம்புக்குள் போகும். தண்ணீரில் நடந்தவருக்கு அடுத்த வாரங்களில் காய்ச்சல் வந்தால், நடந்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பனடோலோடு வீட்டில் கிடக்கக்கூடாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இருந்தாலும் கிராம உத்தியோகத்தரிடம் குடும்ப விபரத்தைப் பதிந்துவிடுங்கள். நிவாரணம் பட்டியல்படிதான் வரும், புதிதாக வந்தவர்கள் விடுபடுவது அங்கேதான். அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990. போன் செத்துப்போகும், ஆகவே கடதாசியிலும் எழுதிப் பைக்குள் வையுங்கள்.

ஒக்டோபர் பிறந்ததும் இரண்டு பொதியையும் பிரித்துப் பாருங்கள். முதலில் பிள்ளைகளின் உடுப்பும் செருப்பும். போன வருடம் வைத்தது இந்த வருடம் காலுக்குள் போகாது.