ஸ்பின் கிளாஸைக் காந்தப்புலத்தில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பின் கிளாஸை "ஜீரோ ஃபீல்டில்", அதாவது காந்தப்புலமே இல்லாமல், "குளிர்வித்தேன்" என்று எழுதிக்கொண்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, ஜீரோ என்று எப்படித் தெரியும் என்பதைத்தான். திரையில் 0 காட்டியது என்பார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மீக்கடத்திக் காந்தத்தை நேற்று யாரோ 5 டெஸ்லா வரை ஏற்றி இறக்கியிருந்தால், கம்பிச்சுருளுக்குள் சிக்கிய காந்தப்பாயம் போகாமல் தங்கிவிடும். திரை 0 காட்டினாலும் மாதிரியைச் சுற்றிப் பத்து, இருபது ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) இருக்கக்கூடும், அதுவும் எதிர்த்திசையில். சாதாரண பாரா காந்தப் பொருள் இதைச் சட்டை செய்யாது. புலம் மாறினால் அதுவும் மாறிக்கொள்ளும். ஸ்பின் கிளாஸ், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள் (ஸ்பின்கள்) ஒழுங்கில்லாமல் உறைந்துபோகும் பொருள், அப்படியல்ல. செம்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மாங்கனீசு அணுக்களைத் தூவினால், ஒவ்வொரு ஜோடியும் இடைத்தொலைவைப் பொறுத்து ஒரே திசையில் நிற்கப் பார்க்கும், அல்லது எதிரெதிராக. எல்லோரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தும் அமைப்பு எதுவும் கிடையாது. குளிரும்போது எந்தப் புலம் இருந்ததோ, அந்த நிலையிலேயே உறைந்துபோகும்.

நானே ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டேன். 10 ஓர்ஸ்டெட்டில் எடுத்த காந்தமாக்கம்–வெப்பநிலை வளைவு தாழ்வெப்பநிலையில் எதிர்க்குறியில் தொடங்கியது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காந்தத்தின் பதிவேட்டைப் புரட்டினால், முந்தைய ஆள் உயர்புல அளவீடு முடித்துவிட்டு நேராக 0-க்கு இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். புலத்தை இருதிசையிலும் மாற்றி மாற்றிப் படிப்படியாகக் குறைத்து இறக்க வேண்டும். பிறகு, நன்கு தெரிந்த ஒரு பாரா காந்த மாதிரியை வைத்து மிச்சமிருக்கும் புலத்தைப் பார்த்துவிட வேண்டும். அரைமணி நேர வேலைதான்.

அடுத்த தவறு, சிக்னல் நன்றாக வரட்டும் என்று பெரிய புலத்தைப் போடுவது. 1972-இல் கேனெல்லாவும் மைடோஷும் தங்கம்-இரும்பு உலோகக்கலவையின் காந்த ஏற்புத்திறனில் (சிறு புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு), உறைவெப்பநிலையில், கூர்மையான உச்சியைக் கண்டது மிகச் சிறிய மாறுதிசைப் புலத்தில்தான். சில நூறு ஓர்ஸ்டெட் நிலைப்புலம் சேர்த்தாலே அந்தக் கூர் மழுங்கி மேடாகிவிடும். 1979-இல் நாகாட்டாவும் குழுவினரும் செம்பு-மாங்கனீசை அளந்த புலம் சுமார் 6 ஓர்ஸ்டெட். 1 டெஸ்லா என்பது 10,000 ஓர்ஸ்டெட். அதில் உறைவெப்பநிலையைத் தேடுவது புயலில் அகல் விளக்கு ஏற்றுவது போல.

மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது: புலமின்றிக் குளிர்வித்த வளைவும் புலத்தில் குளிர்வித்த வளைவும் பிரிந்தால் உடனே "ஸ்பின் கிளாஸ்" என்று முத்திரை குத்துவது. திசைப்பிடிப்பு (குறிப்பிட்ட திசையிலேயே நிற்கும் பிடிவாதம்) வலுவான பெர்ரோ காந்தத்திலும் அவை பிரியும், நானோ துகள்களிலும் பிரியும். செம்பு-மாங்கனீசில் புலத்தில் குளிர்வித்த வளைவு உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய தட்டையாகப் போகும். தனித்தனித் துகள்களில் ஏறிக்கொண்டே போகும். மாறுதிசைப் புலத்தின் அதிர்வெண்ணைப் பத்து மடங்காக்கினால் உச்சி முன்னதில் அரை விழுக்காடு அளவுக்குத்தான் நகரும், பின்னதில் பத்து விழுக்காடும் அதற்கு மேலும். இன்னும் சந்தேகமா? புலமில்லாமல் குளிர்விக்கும்போது உறைநிலைக்குக் கீழே ஓரிடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துங்கள், பிறகு கடைசிவரை குளிர்வித்து, சிறு புலம் கொடுத்துச் சூடேற்றியபடி அளங்கள். நிறுத்தாமல் எடுத்த வளைவோடு ஒப்பிட்டால், நிறுத்திய அதே வெப்பநிலையில் சிறு பள்ளம் தெரியும். ஒன்றையொன்று பாதிக்காத துகள்களுக்கு இந்த ஞாபகம் கிடையாது.

நேரத்தைக் குறித்துவைக்காததும் தவறுதான். 1983-இல் உப்சாலாவில் லுண்ட்கிரேன் குழுவினர் காட்டியபடி, உறைநிலைக்குக் கீழே காத்திருந்துவிட்டுப் புலத்தைப் போட்டால், காந்தமாக்கம் ஏறும் வேகம் நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அளவீட்டின் நடுவே டீ குடிக்கப் போனவரின் வளைவும் போகாதவரின் வளைவும் ஒன்றாக இராது. குளிர்வித்த வேகம், காத்திருந்த நிமிடங்கள் இரண்டையும் வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, அல்மெய்டா–தௌலஸ் கோடு. புலம் கூடக்கூட உறைவெப்பநிலை புலத்தின் 2/3 அடுக்குப்படி இறங்கும் என்பது 1978-இல் வந்த கணக்கு. ஒவ்வொரு ஸ்பின்னும் மற்ற எல்லா ஸ்பின்னோடும் பிணைந்ததாக வைத்துக்கொண்ட கோட்பாட்டு மாதிரிக்கானது அது. தரவு இந்த அடுக்குக்குப் பொருந்தியதும் நிலைமாற்றம் நிரூபணம் ஆகிவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். ஆனால் இதே அடுக்கு சூப்பர்பாரா காந்தத்திலும் (ஒன்றையொன்று பாதிக்காத நானோ துகள்களில்) வரக்கூடும் என்று வெங்கரும் மைடோஷும் 1984-லேயே காட்டிவிட்டார்கள். 1995-இல் இரும்பு-மாங்கனீசு டைட்டனேட் என்ற ஸ்பின் கிளாஸை அளந்த மேட்சன் குழுவினர், புலத்தில் நிலைமாற்றமே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. கோடு பொருந்தினால் 'பொருந்துகிறது' என்று மட்டும் எழுதுங்கள். எந்த அதிர்வெண்ணில், எத்தனை நொடி அளவீட்டில் பொருந்தியது என்பதையும் சேர்த்து.