குசினியில் கிரைண்டருக்கு இடம் ஒதுக்கிய விதம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் குசினியில் இரண்டு பேர் நின்றால், மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே மேடையின் பாதியை இரண்டு லீற்றர் கிரைண்டர் பிடித்திருந்ததால், அதை விற்றுவிட எண்ணி, ஒரு மாதம் உழுந்தைப் பிளெண்டரிலேயே அரைத்துப் பார்த்தேன். அலகு வேகமாகச் சுழலும்போது மா சூடேறுவதால் தோசை தட்டையாகவே வந்தது. குளிர்நீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரைத்தபோது ஓரளவு சரிவந்தாலும், ஐந்து பேருக்கான மாவை நான்கு தடவையாக அரைக்க வேண்டியிருந்தது. கிரைண்டரின் கல் மெதுவாகச் சுழன்று, மாவைச் சூடாக்காமல் காற்றை உள்வாங்கச் செய்கிறது. வாரத்தில் மூன்று நாள் தோசை சுடும் வீட்டுக்கு அதற்கு ஈடான வேறொன்று இல்லை என்பதே என் முடிவு.

உண்மையில் இடத்தை வீணாக்கியது றைஸ் குக்கர்தான். சோறு எப்போதும் விறகடுப்பிலேயே வேகிறது என்பதால் அதைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். பிறகு, மிஞ்சிக் கிடந்த முதிரைப் பலகையொன்றுக்கு நான்கு சில்லுகள் பூட்டி, கிரைண்டரை அதன்மேல் வைத்து மேடையின் கீழே தள்ளிவிட்டேன். பாரம் தூக்கும் வேலை இல்லாததால் அம்மாவும் இப்போது தானே அதை வெளியே இழுத்து அரைக்கிறார். ஒரு சொட்டு உழுந்து மாவைத் தண்ணீரில் விட்டு, அது மிதந்தால்தான் நிறுத்துகிறார்.