ஆண்டோரா, மாண்டலோரியனா? வாதாடும் முன் அட்டவணை போடும் முறை

ஸ்டார் வார்ஸ் கிளைத்தொடர்களில் எது உசத்தி என்கிற பட்டிமன்றம் பெரும்பாலும் நடுவர் இல்லாமலேயே நடக்கிறது. ஒருவர் ஆண்டோரின் முழு சீசனைத் தூக்கி வைப்பார். எதிரணிக்காரர் மாண்டலோரியனின் ஒரே ஒரு எபிசோடை எடுத்துப் போடுவார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், படிக்கல்தான் வேறு. அதைச் சரிசெய்யும் முறை இது. ஸ்கைவாக்கர் படங்களில் முதல் ஆறையாவது பார்த்தவர்களுக்காக எழுதியது. கதைத் திருப்பங்களை மறைக்கவில்லை.

படி 1: காலத்தைக் குறியுங்கள்

1977-இல் வந்த முதல் படத்தின் இறுதியில் மரண நட்சத்திரம் வெடிக்கும் யாவின் போர்தான் இந்த உலகத்தின் கி.மு., கி.பி. கோடு. யா.மு. (யாவினுக்கு முன்), யா.பி. (யாவினுக்குப் பின்) என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கோலைட் – யா.மு. 132
ஓபி-வான் கெனோபி – யா.மு. 9
ஆண்டோர் – யா.மு. 5 முதல் 1 வரை
மாண்டலோரியன், புக் ஆஃப் போபா ஃபெட், அசோகா, ஸ்கெலிட்டன் க்ரூ – எல்லாம் ஏறத்தாழ யா.பி. 9 ஒட்டி

(அசோகா பெண், அந்த மௌரிய அரசரோடு சம்பந்தமில்லை.)

படி 2: பார்க்கும் வரிசை

பலரும் வெளியான தேதிப்படி பார்க்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நிச்சயமாக இடறும்.

மாண்டலோரியன் 2-ஆம் சீசன் (2020) முடிவில் லூக் ஸ்கைவாக்கர் வந்து, யோடாவின் இனத்துக் குழந்தையான க்ரோகுவைக் கூட்டிப் போகிறார். 3-ஆம் சீசன் (2023) தொடங்கும்போது க்ரோகு மறுபடி தொடரின் நாயகன், மாண்டலோரியன் போர்வீரர் தின் ஜாரினின் மடியில். கப்பலும் புதிது. தின் "நான் இனி மாண்டலோரியன் இல்லை" என்று புலம்பிக்கொண்டு, சுரங்கத்துக்கு அடியில் உள்ள புனித நீரில் மூழ்க அலைகிறார். புதிதாகப் பார்ப்பவர் ஏதோ எபிசோடைத் தவறவிட்டோம் என்று நினைத்துத் திரும்பப் போய்த் தேடுவார். மாண்டலோரியனில் எங்கும் கிடைக்காது.

விட்டுப்போனது புக் ஆஃப் போபா ஃபெட்டில் இருக்கிறது. அதன் 5-ஆம் எபிசோடில் போபா வருவதே இல்லை; முழுக்கத் தின்தான். தலைக்கவசத்தைக் கழற்றியதற்காக அவரைக் குலத்திலிருந்து தள்ளிவைப்பதும், பழைய என்-1 விமானத்தைப் பழுதுபார்த்து எடுப்பதும் அங்கே நடக்கின்றன. 6-ஆவதில் லூக், யோடாவின் ஒளிவாளையும் ஒரு பெஸ்கார் (மாண்டலோரியன்களின் உலோகம்) கவசச் சட்டையையும் க்ரோகுவின் முன் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்கிறார். 7-ஆவதில் க்ரோகு தின்னிடம் திரும்பிவிடுகிறான்.

ஆகவே வரிசை: மாண்டலோரியன் 1, 2, பிறகு போபா ஃபெட் 7 எபிசோடும், அதற்குப் பிறகே மாண்டலோரியன் 3. நேரமில்லையா, போபா ஃபெட்டின் 5, 6, 7 மட்டுமாவது பாருங்கள். செயலியை நம்பாதீர்கள். இந்தியாவில் ஜியோஹாட்ஸ்டாரோ வெளிநாட்டில் டிஸ்னி பிளஸ்ஸோ, அடுத்த எபிசோட் என்று தானாக ஓடவிட்டால் அது ஒரே தொடருக்குள்தான் சுற்றும்.

ஒப்பிடும்போதும் இதே சிக்கல் வரும். "போபா ஃபெட்டில் சிறந்த எபிசோட் ஐந்தாவது" என்று சொன்னால் அந்தப் பாராட்டு யார் கணக்கில் போக வேண்டும்? 5, 6 இரண்டையும் மாண்டலோரியன் கணக்கில் எழுதுங்கள். 7 போபாவுக்கே. இப்படிப் பிரிக்காமல் போடும் சராசரி இரண்டு தொடருக்கும் பொய்யானது.

படி 3: எதை ஓர் அலகாக எடுப்பது

எபிசோட் சின்னது, சீசன் பெரிது. கதைக்கண்ணிதான், அதாவது ஒரே கதையாகச் சேரும் சில எபிசோடுகள்தான், சரியான அலகு.

ஆண்டோர் 1-ஆம் சீசன்: 1–3 ஃபெரிக்ஸ், 4–6 ஆல்தானி கொள்ளை, 7 இடைப்பாலம், 8–10 நார்கினா சிறை, 11–12 இறுதி ஊர்வலம். 2-ஆம் சீசன் இன்னும் சுலபம்: மூன்று மூன்றாக நான்கு கண்ணி, ஒவ்வொரு கண்ணிக்கும் கதையில் ஓராண்டு தாவல். 2025-இல் வெளியிட்டபோதே வாரத்துக்கு மூன்றாகத்தான் வெளியிட்டார்கள். முதல் எபிசோடை மட்டும் பார்த்து "மெதுவாகப் போகிறது" என்று எழுந்து போனவர்கள் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பார்த்தவர்கள்.

மாண்டலோரியன் 1-ஆம் சீசனில் 1–3 ஒரு கண்ணி, 4, 5, 6 தனித்தனிக் கதைகள், 7–8 முடிவு. ஆக ஆல்தானிக்கு எதிராக நிறுத்த வேண்டியது அந்த 1–3. நான்காவது எபிசோடை நிறுத்தினால் அநியாயம்.

அக்கோலைட்டில் 3-ஆவதும் 7-ஆவதும் ப்ரெண்டோக் கோளில் நடந்த ஒரே சம்பவத்தை இரண்டு பக்கமிருந்து சொல்பவை. தனித்தனியாக மதிப்பெண் போட்டால் 3 பாதியில் நின்றதுபோல் தெரியும். சேர்த்துப் போடுங்கள்.

படி 4: அட்டவணை

ஒரு கண்ணிக்கு ஒரு வரி, ஐந்து பத்தி: தனியாக நிற்கிறதா, முடிச்சு அவிழ்கிறதா, பாத்திரம் மாறுகிறதா, காட்சி, முன்தேவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. பத்துக்கு மதிப்பெண் போடுவது வீண். எல்லாம் ஏழில் வந்து நிற்கும். நடுப்புள்ளியே இல்லாத அளவுகோலில்தான் கை ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். எக்செல் தேவையில்லை, கணக்கு நோட்டே போதும். மதிப்பீட்டுத் தளங்களின் சராசரியை இதில் கலக்காதீர்கள். பார்க்காமலே கும்பலாகக் குறைந்த மதிப்பெண் குத்துகிற வழக்கம் இருக்கும் இடத்தில் சராசரிக்கு அர்த்தம் இல்லை.

கடைசியில் கூட்டவும் வேண்டாம். பத்திக்குப் பத்தி ஒப்பிட்டால் போதும்.

முன்தேவை என்பது "இது புரிய வேறு எதைப் பார்த்திருக்க வேண்டும்". இதில் அதிக மதிப்பெண் வாங்குவது குறைதான். அசோகாவுக்குத் தயங்காமல் 3 போடலாம். அது ரெபல்ஸ் அனிமேஷன் தொடரின் (2014–2018) நேரடித் தொடர்ச்சி. நான்கு சீசனும் பார்க்க முடியாதவர்கள் குறைந்தபட்சம் 2-ஆம் சீசனின் கடைசி இரண்டு, 4-ஆம் சீசனில் 'எ வேர்ல்ட் பிட்வீன் வேர்ல்ட்ஸ்', அதே சீசனின் கடைசி இரண்டு, பிறகு மாண்டலோரியன் 2-ஆம் சீசன் 5-ஆம் எபிசோட். இவற்றையும் பார்க்காமல் அசோகாவைத் திட்டுவது, நடுப்பக்கத்திலிருந்து நாவல் படித்துவிட்டுப் பாத்திரங்களின் பெயர் புரியவில்லை என்பதைப் போல.

காட்சிப் பத்திக்கு ஒரு எச்சரிக்கை. மாண்டலோரியன், வால்யூம் எனப்படும் வளைந்த எல்.இ.டி. திரைச்சுவருக்குள் பெருமளவு எடுக்கப்பட்டது. பச்சைத்திரை வைத்திருந்தால் பளபளக்கும் பெஸ்கார் கவசத்தில் பச்சை நிறம் தெறித்திருக்கும். திரைச்சுவரிலோ பாலைவனமே கவசத்தில் பிரதிபலிக்கும். ஆனால் அந்தச் சுவருக்குள் நடமாட இடம் குறைவு, பெருங்கூட்டத்தையும் உச்சி வெயிலையும் காட்டுவது கடினம். ஆண்டோர் முதல் சீசன் வால்யூமைத் தொடாமல் கட்டிய செட்டிலும் வெளிப்புறத்திலும் எடுத்தது. "ஆண்டோர் நிஜம் மாதிரி இருக்கிறது" என்பவர்கள் பாதி நேரம் இதைத்தான் சொல்கிறார்கள், எழுத்தை அல்ல. தனித்தனிப் பத்தி வைத்ததே அதற்காக.

படி 5: ஒரே நிகழ்வை இரண்டு தொடரில் பாருங்கள்

பயிற்சிக்கு நல்ல ஜோடி, கிளர்ச்சியின் தலைவியாகும் மேலவை உறுப்பினர் மோன் மோத்மா வரும் இரண்டு எபிசோடுகள். ஆண்டோர் 2-ஆம் சீசன் 9-ஆவதில் கோர்மன் கோளில் நடந்த படுகொலையை மேலவையில் கண்டித்துப் பேசிவிட்டுத் தப்புகிறார். ரெபல்ஸ் 3-ஆம் சீசனின் 'சீக்ரெட் கார்கோ' அதற்கு அடுத்த கட்டம்; பேரரசு துரத்த, அவரை டான்டூயின் கோளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆண்டோரை முதலில், ரெபல்ஸைப் பிறகு பாருங்கள். ஒன்று அச்சத்தை நடைபாதையிலும் லிஃப்டிலும் வைக்கிறது. மற்றது அரைமணிக்கும் குறைவான நேரத்தில் விண்வெளித் துரத்தலாக மாற்றுகிறது. சிறுவர் அனிமேஷன் என்று ரெபல்ஸை ஒதுக்குபவர்கள் இந்த ஜோடிக்குப் பிறகும் அதையே சொன்னால் சொல்லட்டும்.

பிறகு சேர்த்தவை

க்ளோன் வார்ஸ் என்று தேடினால் இரண்டு தொடர் வரும். 2003–2005-இல் வந்த குறும்படங்கள் கையால் வரைந்த 2டி, அது வேறு. மற்ற தொடர்களுக்குத் தேவைப்படுவது 2008-இல் தொடங்கிய, பெயரின் முன்னால் 'தி' உள்ள 3டி தொடர். அதிலும் முதல் மூன்று சீசன்கள் கதைக்காலப்படி வரிசையாக இல்லை. காலப்படி முதலில் வருவது 2-ஆம் சீசன் 16. பிறகு 1-ஆம் சீசன் 16. பிறகு 2008 திரைப்படம். பிறகு 3-ஆம் சீசன் 1, 3. அதன் பின்தான் 1-ஆம் சீசனின் முதல் எபிசோட்.

விஷன்ஸ் என்ற குறும்படத் தொகுப்பு இந்த அட்டவணைக்குள் வராது. ஒவ்வொரு குறும்படமும் வேறு ஸ்டூடியோ, தனிக் கதை. முந்தைய கதைகளுக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. இரண்டாம் தொகுப்பில் (2023) மும்பையின் 88 பிக்சர்ஸ் செய்த 'தி பேண்டிட்ஸ் ஆஃப் கோலாக்' இருக்கிறது. விஷன்ஸுக்குத் தனி நோட்டு போடுங்கள்.