ரக்மானினோவ் என்றைக்கு, எங்கே வாசித்தார்? கச்சேரிப் பட்டியல் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்யப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான செர்கேய் ரக்மானினோவின் கச்சேரிகளை நாள்வாரியாகத் தொகுக்கக் கிளம்பும் புதியவர்கள் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். பழையவர்களும் விழுந்து எழுந்த பள்ளம்தான் அது. மாணவப் பருவத்தில் மாஸ்கோவில் மேடையேறியவர், 1943-இல் அமெரிக்காவில் கடைசியாக வாசிக்கும்வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். இடையில் நாடு மாறினார், நாட்காட்டியும் மாறியது, பியானோவில் உட்கார்ந்த அதே ஆள் சில இரவுகளில் இசைக்குழுவை நடத்தவும் செய்தார். இத்தனையும் ஒரே அட்டவணையில் அடங்க வேண்டும். விக்கிப்பீடியாவை அப்படியே நகலெடுப்பது, ஆதாரத்தைக் குறிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை யாரும் சொல்லாமலே தெரியவேண்டியவை.

ஒரே கச்சேரியை மூன்று தடவை நடத்திவைப்பது

பட்டியலைக் கெடுப்பதில் இதற்கு ஈடில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

ரஷ்யா 1918 ஜனவரி 31 வரை ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில் இருந்தது. மறுநாள், இன்று நாம் புழங்கும் புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிப்படி, பிப்ரவரி 14. இது எல்லோருக்கும் தெரியும், அரைகுறையாகத் தெரியும் என்பதுதான் தொல்லை. பழைய நாளைப் புதிய நாளாக்க 13 கூட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு கண்ணில் படும் தேதிக்கெல்லாம் கூட்டிவிடுகிறார்கள்.

அவருடைய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எடுத்துக்கொள்வோம். முழுதாக அரங்கேறியது மாஸ்கோவில், அலெக்சாண்டர் சிலோட்டி இசைக்குழுவை நடத்த, பழைய நாட்காட்டிப்படி 1901 அக்டோபர் 27-இல். புதியதில் நவம்பர் 9. ஒரு ரஷ்ய நூல் முதல் தேதியை மட்டும் தரும். ஓர் ஆங்கில நூல் இரண்டாவதை மட்டும் தரும், எந்த நாட்காட்டி என்று சொல்லாது. புதியவர் இரண்டாவதைப் பார்த்து, 'மாஸ்கோ, 1901, ஆகவே பழைய நாள்' என்று முடிவுகட்டி 13 கூட்டி நவம்பர் 22 என்று எழுதுகிறார். பட்டியலில் இப்போது அக்டோபர் 27, நவம்பர் 9, நவம்பர் 22 என்று மூன்று வரிகள். மூன்றிலும் அதே நகரம், அதே படைப்பு, அதே நடத்துநர். சந்தேகம் வர வேண்டாமா? வருவதில்லை. மாறாக, 'பெருவெற்றியால் மாஸ்கோ ரசிகர்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள்' என்று ஒரு விளக்கமும் முளைத்துவிடுகிறது. அதை இன்னொருவர் மேற்கோளாக எடுத்தாள்கிறார். அப்புறம் அந்தப் பேய்க் கச்சேரியைக் கொல்ல யாராலும் முடியாது.

அமெரிக்காவுக்கும் இது கப்பலேறிப் போகும். மூன்றாம் கான்செர்ட்டோ நியூயார்க்கில் 1909 நவம்பர் 28-இல் அரங்கேறியது. ரஷ்யாவில் அச்சான காலவரிசைகளில் இதை 15 (28) நவம்பர் என்று இரட்டைத் தேதியாகப் பார்க்கலாம். அடைப்புக்குள் இருப்பதுதான் அமெரிக்கத் தேதி. அதற்கும் 13 கூட்டினால் டிசம்பர் 11-இல் இல்லாத கச்சேரி ஒன்று பிறக்கும்.

நிகழ்ந்த ஊரை வைத்து நாட்காட்டியைத் தீர்மானிக்கக் கூடாது. அச்சான ஊரைப் பார்க்க வேண்டும். மாஸ்கோ கச்சேரியைப் பற்றி லண்டன் இதழ் எழுதினால், அங்கே உள்ள ஆசிரியர் தேதியை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். பேரரசுக்குள்ளேயே விதிவிலக்குகள் உண்டு: ஜார் ஆட்சிக்கு உட்பட்டிருந்தும் பின்லாந்து புதிய நாட்காட்டியில்தான் இருந்தது, எனவே ஹெல்சிங்கி நாளிதழுக்கு எதையும் கூட்டக் கூடாது. வார்சாவில் இரண்டு தேதியும் சேர்ந்து அச்சாவது வழக்கம். வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு தேதி இருந்தால் உறையின் அஞ்சல் முத்திரையைப் பாருங்கள். முத்திரை குத்தியவர் ரஷ்யர் அல்ல.

12-ஆ 13-ஆ என்பது அடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிக்கு 12. ஜூலியன் 1900 மார்ச் 1 தொடங்கி 13. அவருடைய புகழ்பெற்ற சி ஷார்ப் மைனர் பிரிலூட் (சிறு பியானோ உருப்படி) மாஸ்கோ மின்சாரக் கண்காட்சியில் வாசிக்கப்பட்டது பழைய 1892 செப்டம்பர் 26-இல். புதியதில் அது அக்டோபர் 8, ஒன்பது அல்ல. அவர் பிறந்தநாள் பழைய 1873 மார்ச் 20, அதாவது ஏப்ரல் 1. பழைய கலைக்களஞ்சியங்கள் சிலவற்றில் ஏப்ரல் 2 என்றிருக்கும். பிறந்த நூற்றாண்டை மறந்து 13 கூட்டினால் கிடைப்பது அதுதான்.

இதற்கு மருந்து கிழமை. வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்காமல் நாள் குறிக்காத ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. நாட்காட்டி எதுவானாலும் கிழமை ஒன்றுதான். சுவரொட்டியிலும் நாளிதழ் விளம்பரத்திலும் அது அநேகமாக இருக்கும். 13 கூட்டினால் கிழமை ஒன்று பின்னே போகும், 12 கூட்டினால் இரண்டு பின்னே போகும். 1901 நவம்பர் 9 சனிக்கிழமை. அக்டோபர் 27-ஐப் புதிய தேதி என்று நினைத்து நாட்காட்டியைப் புரட்டினால் ஞாயிறு வரும், நவம்பர் 22-க்கு வெள்ளி வரும். 'சனிக்கிழமை, அக்டோபர் 27' என்று ஆதாரம் சொன்னால் அது பழைய தேதி என்பது அந்தக் கணமே உறுதி. அரை நிமிட வேலை. இதைச் செய்ய மறுத்துவிட்டு மாதக்கணக்கில் பட்டியலைத் துழாவுகிறவர்களை என்ன சொல்வது!

ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து கட்டங்கள் வையுங்கள். ஆதாரத்தில் உள்ளபடியே தேதி, கை வைக்காமல். எந்த நாட்காட்டி: பழையது, புதியது, தெரியவில்லை. ஆதாரம் சொல்லும் கிழமை. நீங்கள் கணக்கிட்ட புதிய தேதி. கடைசியில், சான்று எவ்வகை: அறிவிப்பா, நிகழ்ச்சித்தாளா, விமர்சனமா. முதல் கட்டத்தை ஒருபோதும் திருத்தக் கூடாது. 'தெரியவில்லை' என்று இரண்டாவதில் எழுத வெட்கப்படவும் கூடாது. கிழமை கிடைக்கும்வரை அப்படியே கிடக்கட்டும்.

எக்செலில் செய்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. 1900-க்கு முந்திய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் 1892-ஆம் ஆண்டுக் கச்சேரிகள் எங்கோ போய் உட்காரும். 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருப்பதாகவும் அது நம்புகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜூலியன் நாட்காட்டியில் அந்த நாள் உண்மையாகவே இருந்தது! எல்லாத் தேதியையும் எழுத்தாகவே, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 1892-10-08 என்பதுபோல இடுங்கள். 9/11 என்று எழுதினால் அமெரிக்கர் செப்டம்பர் என்பார், ஐரோப்பியர் நவம்பர் என்பார்.

ஆண்டு முடிவிலும் கவனம் தேவை. 1900-க்குப் பிறகு, பழைய டிசம்பர் 19 புதிய ஆண்டின் முதல் நாள். ஆண்டுவாரியாகப் பிரிக்காமல் பருவவாரியாக, 1909–10 என்பதுபோலப் பிரித்தால் இந்த வம்பு பாதி குறையும்.

அறிவிப்பை நம்பிக் கச்சேரி எழுதுவது

கச்சேரி நடந்தது என்பதற்கு நாளிதழ் விளம்பரம் சான்றல்ல. நடத்த எண்ணியிருந்தார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. 1943 பிப்ரவரி 17-இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் வாசித்ததோடு அவர் மேடை வாழ்வு முடிந்தது. அப்போதே உடல் மோசமாகியிருந்தது. சுற்றுப்பயணத்தில் மீதியிருந்தவை ரத்தாயின, மார்ச் 28-இல் பெவர்லி ஹில்ஸில் காலமானார். ஆனால் அந்த மீதி ஊர்களுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு போயிருந்தது. அவற்றை மட்டும் வைத்துத் தொகுக்கிறவர் பட்டியலில், நோயில் படுத்திருக்கும் மனிதர் வாசித்துக்கொண்டே இருப்பார்.

விமர்சனம் கிடைத்தால்தான் பதிவு உறுதி. நாளிதழில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தேடுங்கள். இசை வார இதழ்களில் இரண்டு மூன்று வாரம் தள்ளியும் வரும், அப்போது இதழின் தேதியைக் கச்சேரியின் தேதியாக எழுதிவிடக் கூடாது. 'சென்ற செவ்வாய்' என்ற சொல்லிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விமர்சனம் கிடைக்காவிட்டால் முன்னும் பின்னும் அவர் எந்த ஊரில் இருந்தார் என்று பாருங்கள். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு அன்றைய அதிவேக ரயிலிலேயே 16 முதல் 20 மணி நேரம். அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஊரும் இருந்தால் மற்ற சான்றுகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நிகழ்ச்சித்தாளும் முழு உண்மை சொல்லாது. ரசிகர்கள் விடாப்பிடியாகக் கேட்ட சி ஷார்ப் மைனர் பிரிலூட் பல இரவுகளில் தாளில் இராது, கூடுதல் உருப்படியாக வாசித்திருப்பார்.

'நியூயார்க் இசைக்குழு' என்று எழுதுவது

எது? 1909-இல் இரண்டு பெரிய குழுக்கள் இருந்தன. மூன்றாம் கான்செர்ட்டோவை முதலில் வாசித்தது வால்டர் டாம்ராஷ் நடத்திய நியூயார்க் சிம்பொனியோடு, நியூ தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாள் கழித்து அதே குழுவோடு கார்னகி அரங்கில். குஸ்தாவ் மாலர் நடத்தியது 1910 ஜனவரி 16-இல், நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு, அதுவும் கார்னகியில். மாலரின் பெயர் பெரிது, ஆகவே அரங்கேற்றத்தையே தூக்கி அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரு குழுக்களும் 1928-இல் இணைந்தன. பில்ஹார்மோனிக்கின் இணைய ஆவணக் களஞ்சியத்தில் பழைய சிம்பொனியின் கச்சேரிகளும் சேர்ந்தே கிடைக்கும், அதனால் குழுவின் பெயர் உள்ள கட்டத்தைப் படிக்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

பி பிளாட் மைனர் சொனாட்டா

சோப்பினின் இரண்டாம் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்பு) பி பிளாட் மைனர் சுருதி, படைப்பெண் 35. ரக்மானினோவின் இரண்டாம் சொனாட்டாவும் அதே சுருதி, படைப்பெண் 36. 'இரண்டாம் சொனாட்டா, பி பிளாட் மைனர்' என்று மட்டும் இருந்தால் முடிவு செய்யாதீர்கள். சவ ஊர்வலப் பகுதியைப் பற்றி விமர்சகர் பேசினால் சோப்பின், நாக்ஸ்வில்லில் வாசித்தது அதுதான். ஜெர்மன் நிகழ்ச்சித்தாளில் வெறும் 'பி' என்பதே பி பிளாட்டைக் குறிக்கும். நாம் பி என்பதை அவர்கள் 'ஹெச்' என்பார்கள்.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவது

அவர் மேலைநாடுகளில் எழுதியது கடைசியில் இரண்டு எஃப் போட்டு. பிரிட்டிஷ் அச்சில் 'வி', ஜெர்மானிய அச்சில் 'டபிள்யூ'. சிலர் நடுவில் சி-ஹெச்சுக்குப் பதிலாகக் கே-ஹெச் இடுவார்கள். நாளிதழின் ஒடுங்கிய பத்தியில் பெயர் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும், கணினி அதைச் சேர்த்துப் படிக்காது. எனவே அரங்கின் பெயர், படைப்பின் பெயர், 'ரஷ்யப் பியானோ கலைஞர்' என்றெல்லாம் தனித்தனியே தேடுங்கள்.

ரஷ்ய மொழியில் இன்னும் சிக்கல். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பெயரின் கடைசியில் ஒலியில்லாத கடினக்குறி எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதில்லாமல் முழுச்சொல் தேடினால் பழைய நாளிதழில் ஒன்றும் அகப்படாது. வேற்றுமை உருபுகளும் பெயரை மாற்றும். 'ரக்மானினோவா' என்றால் 'ரக்மானினோவின்' என்றும் பொருள்படும், அக்குடும்பத்துப் பெண் என்றும் பொருள்படும். 'இன்னாரின் பங்கேற்புடன்' என்று வரும் வரியைப் பார்த்து ஒரு பெண் கலைஞரைக் கற்பித்துக்கொள்கிறார்கள். மனைவி நதாலியாவும் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ படித்தவர், ஆகவே அந்தக் கற்பனைக்கு வலுவும் கிடைத்துவிடுகிறது. பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்துகளைப் பாருங்கள்.

ரூபின்ஸ்டைன் என்ற பெயரில் பியானோ கலைஞரைத் தேடுகிறவர்களுக்கும் ஆள்மாறாட்டத் தொல்லை உண்டு. 1872–73-இல் அமெரிக்கா முழுக்க 215 கச்சேரி செய்தவர் ஆன்டன். நிக்கோலாய் அவர் தம்பி. ஆர்தர் போலந்துக்காரர், உறவே இல்லை.

ஊரின் இன்றைய பெயர்

பீட்டர்ஸ்பர்க், 1914-இல் பெட்ரோகிராட், 1924-இல் லெனின்கிராட். அன்றைய பெயரையே எழுதுங்கள்.

வானொலி

அவர் தன் கச்சேரிகளை ஒலிபரப்ப விடவில்லை. வானொலி நிரலில் அவர் பெயர் வந்தால் இசைத்தட்டு, அல்லது அவர் படைப்பை வேறொருவர் வாசிக்கிறார்.

எத்தனை கச்சேரி?

1909–10 அமெரிக்கப் பயணத்துக்கு 26 என்ற எண் அச்சில் புழங்குகிறது: பியானோவில் 19, நடத்துநராக 7. இதில் அந்த 7-ஐ விட்டுவிட்டு எண்ணுகிறவர்களும், ஒரே மாலையில் இரண்டும் செய்தால் இரண்டு கச்சேரி என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். 1899 ஏப்ரலில் லண்டன் குயின்ஸ் அரங்கில் அவர் தன் படைப்பை நடத்தவும் செய்தார், தனியே வாசிக்கவும் செய்தார். அது ஒரு கச்சேரி, இரண்டு பங்கு. பங்குக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

குழுவின் ஊரைக் கச்சேரியின் ஊராக எழுதுவது

பாஸ்டன் சிம்பொனியோடு 1909 நவம்பர் 8-இல் வாசித்தது பிலடெல்பியாவில். பிலடெல்பியா இசைக்குழுவோடு பாகனினி ராப்சடியை (பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக அவர் எழுதியது) 1934 நவம்பர் 7-இல் அரங்கேற்றியது பால்டிமோரில், லிரிக் அரங்கில்.