வீட்டில் பாட்டுக்கும் கேமுக்கும் ஒரே ஹெட்ஃபோன்: முதல் தடவை வாங்குபவர்களுக்கு

என்னுடைய முதல் 'கேமிங்' ஹெட்செட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கலரில் லைட் எரியும். தலையில் மாட்டிக்கொண்டால் அந்த லைட் எனக்குத் தெரியாது, வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். எட்டாவது மாதத்தில் காதில் படும் குஷனின் ரெக்சின் உரிய ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, அடுப்புக்கரி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு?" என்று கேட்டார். அதில் பாட்டு கேட்டால் எல்லா வாத்தியமும் ஒரே குடத்துக்குள் இருந்து வருவது போலிருக்கும்.

லைட்டுக்கும் பெட்டிக்கும் போன காசு ஒலிக்குப் போயிருக்கலாம் என்று பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் எனக்கும் நண்பர்களுக்கும் வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை இது. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதை எழுதவில்லை.

படி 1: எதில் மாட்டப் போகிறீர்கள்?

முதலில் உங்களிடம் இருக்கும் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஹெட்ஃபோன் மாட்டும் ஓட்டையைப் பாருங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒலிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான். டெஸ்க்டாப்பில் பச்சை ஒலிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்று தனித்தனியாக இருக்கும். ஹெட்செட் பின்னில் இரண்டு வளையம் இருந்தால் ஒலி மட்டும், மூன்று இருந்தால் மைக்கும் சேர்த்து. மூன்று வளையப் பின்னை டெஸ்க்டாப்பில் மாட்ட ஒய் வடிவ ஸ்பிளிட்டர் ஒன்று வேண்டும். இது தெரியாமல் "மைக் வேலை செய்யலை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு ஒயர் மாட்டும் ஓட்டை கன்ட்ரோலரிலேயே இருக்கிறது. சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனை அந்த கன்சோல் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளாது. போனில் டைப்-சி மட்டும்தான் என்றால், டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றும் சில்லு) உள்ள டாங்கிளாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு டாங்கிள் ஒரு போனில் பாடும், இன்னொன்றில் ஊமையாகிவிடும்.

படி 2: ஒயரா, ப்ளூடூத்தா?

கேமும் உண்டு என்றால் ஒயர். ஏன் என்பதை உங்கள் காதே சொல்லும். நண்பரின் ப்ளூடூத் இயர்பட்ஸை வாங்கி, போனில் ஒரு பியானோ ஆப்பைத் திறந்து ஒரு கட்டையைத் தட்டுங்கள். விரல் பட்டு எடுத்தபிறகுதான் சத்தம் வரும். சாதாரண ப்ளூடூத்தில் இந்தத் தாமதம் சுமார் 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை இருக்கும். படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் வீடியோ ஆப் படத்தையும் அதே அளவுக்குப் பின்தள்ளிவிடும். கேமில் அப்படித் தள்ள வழியில்லை. எதிரி சுட்டு முடித்தபிறகு சத்தம் வந்து என்ன பயன்?

இதைவிடப் பெரிய தொல்லை மைக்கில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஆன் செய்ததும், பல ஹெட்செட்கள் பாட்டு கேட்கும் முறையிலிருந்து போன் பேசும் முறைக்கு மாறிவிடும். இடது, வலது என்ற பிரிவு போய்விடும், ஒலி பழைய லேண்ட்லைன் போல ஆகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், பழைய ப்ளூடூத்தின் அமைப்பே அப்படி. யுஎஸ்பி டாங்கிளுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்களில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. ஆனால் அதே விலையில் ஒயர் வைத்ததில் கிடைக்கும் ஒலி அதில் கிடைப்பது அபூர்வம்.

படி 3: பெட்டியில் எதைப் படிப்பது, எதை விடுவது

ஓம்ஸ் (ஹெட்ஃபோனின் மின்தடை) என்று போட்டிருப்பதைப் படியுங்கள். 16, 32 என்றால் போனிலும் லேப்டாப்பிலும் தாராளமாகச் சத்தம் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம்ஸ் என்று வருகிறது. 250 ஓம்ஸ் உள்ளதைப் போனில் மாட்டினால் முனகும், அதற்குச் சிக்னலைப் பெருக்கும் தனி ஆம்ப் வேண்டும்.

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பதை விட்டுவிடுங்கள். மலிவானதிலும் அதே எண்தான் இருக்கும். 50 எம்எம் ட்ரைவர் (உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்) என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 40 எம்எம்மில் நன்றாகப் பாடுபவை நிறைய.

7.1 சரவுண்ட், அதாவது சுற்றிலும் பல ஸ்பீக்கர் இருப்பது போன்ற ஒலி? பெரும்பாலும் உள்ளே இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்தான், மற்றதை சாப்ட்வேர் செய்கிறது. அந்த வேலையைச் செய்யும் விண்டோஸ் சோனிக் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இலவசமாகவே இருக்கிறது. வேலரன்ட் போன்ற கேம்களில் அதே வேலைக்கு ஹெச்ஆர்டிஎஃப் என்று ஒரு செட்டிங்கும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் ஆன் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தால் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் குழம்பும். பாட்டு கேட்கும்போது இரண்டும் வேண்டாம்.

விலை கூடினால் ஒலியும் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை விலையோடு வைத்துப் பார்த்தார். கனத்த ஒலி, மெல்லிய ஒலி எது எவ்வளவு வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் அவர் கண்டது. கட்டுமானமும் சொகுசும் வேறு கணக்கு. ஆனால் காசு குறைவு என்பதற்காகக் காது குறைபட வேண்டியதில்லை.

படி 4: திறந்ததா, மூடியதா?

பின்பக்கம் சல்லடை போலிருந்தால் திறந்த வகை. ஒலி விசாலமாக இருக்கும், கேமில் எதிரி எந்தத் திசையில் என்று பிடிப்பது எளிது, காதும் வேகாது. பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500 இந்த வகையில் பேர்போனது. சூப்பர்லக்ஸ் ஹெச்டி681 பாதி திறந்தது, ட்ரெபிள் (மெல்லிய, கூர்மையான ஒலி) கொஞ்சம் குத்தும். சரி, குறை என்ன? உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், குக்கர் விசில் உங்களுக்கும் கேட்கும். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: சீலிங் ஃபேன். அஞ்சாம் நம்பரில் சுற்றும் ஃபேனுக்குக் கீழே திறந்த ஹெட்ஃபோன் மாட்டினால் வயலினுக்குப் பின்னால் ஃபேனும் சேர்ந்து வாசிக்கும்.

தனி அறை, ஃபேன் மெதுவாக ஓடும் என்றால் திறந்தது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் மூடியது. ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்20எக்ஸ் மூடிய வகைக்கு நல்ல உதாரணம். அதன் ஒயர் 3 மீட்டர். டெஸ்க்டாப்புக்கு வசதி, போனுக்கு இடைஞ்சல்.

படி 5: மாட்டிப் பாருங்கள்

ஐந்து நிமிடம் போதாது. இருபது நிமிடமாவது தலையில் இருக்கட்டும். காது மடல் முழுதும் குஷனுக்குள் அடங்க வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள், காம்பு அழுத்தி வலிக்கும் இடம் பத்தாவது நிமிடத்தில்தான் தெரியும். குஷன் துணியாக இருந்தால் நம் வெயிலுக்கு நல்லது. ரெக்சின் என்றால் மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒயர் கழற்றி மாட்டும்படி இருந்தால் விட வேண்டாம். சேர் சக்கரம் ஒருநாள் அதன்மேல் ஏறத்தான் போகிறது.

படி 6: காதால் சோதிப்பது

நூறு தடவை கேட்டுச் சலித்த பாட்டையே போடுங்கள். எனக்கு மிருதங்கம் தனியாக வரும் ஓர் இடம் போதும். இடது பக்கமான தொப்பியின் 'கும்' அடித்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் இழுத்துக்கொண்டே போய் அடுத்த அடியை மூடினால் பாஸ் (கனத்த ஒலி) ஊதிக் கிடக்கிறது என்று அர்த்தம். வலந்தலையின் 'நம்' கணீரென்று தனியாகக் காதில் விழ வேண்டும். பிறகு பின்னால் ஓடும் தம்புராவைத் தேடுங்கள். அதன் ரீங்காரம் கேட்டால் நுணுக்கம் இருக்கிறது. கடைசியாகப் பாடகியின் 'ஸ' ஒலி ஊசி போலக் குத்துகிறதா பாருங்கள், ஒரு மணி நேரத்தில் தலைவலி அங்கிருந்துதான் கிளம்பும்.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகவே படும், கடைக்காரர்களுக்கு அது தெரியும்.

கேமுக்கு, பயிற்சி மைதானத்தில் நண்பரை உங்களைச் சுற்றி ஓடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் திசையைக் காட்டுங்கள். முன்னாலா பின்னாலா என்பதில்தான் பல ஹெட்ஃபோன்கள் தோற்கும்.

படி 7: மைக்

தனியாக வாங்குங்கள். சட்டையில் குத்தும் காலர் மைக்கே கூட்டாளிகளோடு கத்துவதற்குப் போதும். ஃபேன் காற்று நேராக மைக்கில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

படி 8: வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் ஏபிஓ, அதை எளிதாக இயக்க அதன் மேல் பீஸ், இந்த இரண்டு சாப்ட்வேரையும் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம். ஆட்டோஈக்யூ என்ற இணையத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு எந்த ஒலியை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற எண்கள் இருக்கின்றன. உங்கள் மாடலின் எண்களை அப்படியே ஏற்றலாம். கூடவே கொடுத்திருக்கும் ப்ரீஆம்ப் குறைப்பையும் (மொத்தச் சத்தத்தை முன்கூட்டியே இறக்குவது) மறக்காமல் போடுங்கள், விட்டுவிட்டால் பாஸ் அடிக்கும்போது கரகரக்கும். சூப்பர்லக்ஸின் குத்தல் இதில் பெருமளவு அடங்கிவிடும்.

சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கேமில் குண்டுச் சத்தத்தைக் குறைத்தால் காலடி கேட்காது என்று வால்யூமை ஏற்றுவார்கள். அதற்குப் பதில் கேமின் செட்டிங்கில் இரவு முறை போல ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னதைத் தூக்கும்.

பில்லைப் போட்டோ எடுத்துவையுங்கள், கடையில் தரும் தாளில் எழுத்து ஆறே மாதத்தில் அழிந்துவிடும். அட்டைப்பெட்டி வாரண்டி முடியும்வரை பரணில் கிடக்கட்டும்.