ஆடி மாதப் பக்கக்காற்றில் சிறிய விமானத்தை இறக்குவது எப்படி?

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. ஆடியில் அந்தப் பக்கம் போய் நின்றால் மேல்காற்று தோள்துண்டை உருவிக்கொண்டு போகும். பக்கக்காற்று, அதாவது ஓடுதளத்தின் குறுக்கே வீசும் காற்று, என்னவென்று விளங்க அது போதும். இறக்கிப் பார்ப்பதெல்லாம் பயிற்றுநர் அருகில் இருக்கும்போது மட்டும்.

1. முதலில் கணக்கு. ஓடுதளம் 18 என்றால் தெற்கு, அதாவது 180 பாகை. காற்று 240 பாகையிலிருந்து 16 நாட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60 பாகை. அதன் சைன் 0.87. அதை 16-ஆல் பெருக்கினால், பக்கக்காற்று ஏறக்குறைய 14 நாட், மணிக்கு 26 கி.மீ. செஸ்னா 172 விமானத்தைச் சோதனையில் இறக்கிக் காட்டிய அளவே 15 நாட்தான். புதியவருக்கு 14 அதிகம் என்பது என் கருத்து.

2. மூக்கைக் காற்று வரும் பக்கம், இங்கே வலப்பக்கம், சற்றுத் திருப்பி, நண்டு நடையில் நெருங்குங்கள்.

3. தரைக்குச் சற்று மேலே இடது ரடரை (வாலில் உள்ள சுக்கானை இயக்கும் மிதி) மிதித்து மூக்கை நேராக்குங்கள். கூடவே ஏலெரானால் (கைப்பிடியைத் திருப்பினால் அசையும் இறக்கைத் தகடு) வலது இறக்கையைத் தாழ்த்துங்கள். கண்மாய்க்கரையில் சைக்கிள் மிதிக்கும்போது காற்றின் பக்கம் உடல் தானே சாயுமே, அதே சாய்வு. வலது சக்கரம்தான் முதலில் தொட வேண்டும். நண்டு நடையிலேயே இறக்கினால் சக்கரக்கால் பக்கவாட்டுச் சுமையில் மடங்கக்கூடும்.

4. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சக்கரம் தொட்டதும் வேலை முடிந்ததென்று கை தளர்ந்துவிடுகிறது. நானும் தளர்த்தினேன். காற்று வலது இறக்கையைத் தூக்கியது, வாலைத் தள்ளியது. மூக்கு காற்றை நோக்கித் திரும்ப, புல்தரையில் போய் நின்றோம். பயிற்றுநர் திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. வேகம் குறையக் குறைய ஏலெரானின் பிடி குறையும். ஆகவே அதைக் காற்றின் பக்கம் மேலும் மேலும் திருப்பி, நிற்கும்போது முழுவதுமாகத் திருப்பியிருக்க வேண்டும்.

5. ரடரை முழுவதும் மிதித்தும் மூக்கு நேராகவில்லையா? விமானம் பக்கவாட்டில் நகர்கிறதா? இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறிவிடுங்கள். மதுரை, திருச்சி இரண்டிலும் ஓடுதளம் 09/27. 27-இல், அதாவது மேற்கு நோக்கி 270 பாகையில், இறங்கினால் அதே காற்றில் பக்கக்காற்று வெறும் 8 நாட். அதுவரை போக எரிபொருள் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.